அண்ணன் ஒட்டி வைத்த ஜெனரல்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் அரிசியை எதில் கொட்டி வைக்கிறீர்கள்? இப்போதெல்லாம் பிளாஸ்டிக் டப்பாதான். மதுரை வடக்கு மாசி வீதியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு பெரிய மண்பானை இருந்தது. 1963-ஆம் வருஷம் ஒரு நாள் காலையில் என் அம்மா அந்தப் பானைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு கடிதத்தைப் புதைத்து வைத்தாள். நான் பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது 14 வயது. "பாப்பா, அண்ணன்கிட்டே மூச்சு விடக்கூடாது" என்றாள் அம்மா. நானும் விடவில்லை.

கடிதம் ராணுவத்திலிருந்து வந்தது. 1962-இல் சீனாவோடு யுத்தம் வந்ததும், படித்த பையன்களை அவசர அவசரமாக ராணுவ அதிகாரிகளாக எடுக்க ஆரம்பித்தார்கள். பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி ஆரம்பமானதும் அந்தச் சமயத்தில்தான். அண்ணன் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மனுப் போட்டிருக்கிறார். பேட்டிக்கு வரச் சொல்லி வந்த கடிதம்தான் அரிசிக்குள் போயிற்று.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யுத்த நிதி என்று வசூலுக்கு வந்தபோது கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். பவுனைக் கொடுக்க மனம் வந்தது. பிள்ளையைக் கொடுக்க வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அண்ணன் சில மாதம் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கல்யாணம், பிள்ளை குட்டி எல்லாம் ஆயிற்று. தலைமைக் குமாஸ்தாவாக ரிடையர் ஆனார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள் ஆபீசிலிருந்து வரும்போதே ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். என்னிடம் மைதா மாவில் பசை காய்ச்சித் தரச் சொன்னார். பேப்பரிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து முதல் பக்கத்தில் ஒட்டினார். அடர்ந்த புருவம், மடிப்புக் கலையாத உடுப்பு, மார்பு நிறையப் பதக்கம். "யாரண்ணே இது?" என்று கேட்டேன். "நம்ம சேலம் ஜில்லாக்காரர். இந்தியா ராணுவத்துக்கே இனிமே இவர்தான் தலைவர். பீரங்கிப் படையிலே இருந்து வந்தவர்" என்றார். அவர்தான் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். அந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணன் போன வருஷம் காலமாகிவிட்டார். அண்ணி கொண்டு வந்து கொடுத்தார்கள். நோட்டில் இருப்பதையும், பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள். பட்டாளத்துக் கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஒரு தாயாரும் வருகிறார்.

அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ராதாபாய் என்று பெயர். மங்களூர்ப் பெண். தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளிக்கூடம் வைத்து நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த டாக்டர் சுப்பராயனை 1912-இல் கல்யாணம் செய்துகொண்டார். ஜாதி வேறு, பாஷை வேறு. இன்றைக்கே இப்படி ஒரு கல்யாணம் என்றால் இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் மூக்கைச் சிந்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1912-இல் எப்படி இருந்திருக்கும்? சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தார். ராதாபாயும் வீட்டோடு இருந்துவிடவில்லை. 1930-இல் லண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன இரண்டே பெண்களில் ஒருவர் அவர். 1938-இல் டில்லியில் மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே.

அவருக்கு மூன்று பிள்ளைகள், ஒரு பெண். மூத்தவர்தான் நம் ஜெனரல். பிறந்தது 1913 ஜூலை 1. ஈட்டன் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் ஆள் தயார் செய்கிற உல்விச் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1933-இல் அதிகாரியாக வெளியே வந்தார்.

இதன் அருமை சட்டென்று விளங்காது. 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் துப்பாக்கியை இந்தியன் கையில் கொடுத்தான், பீரங்கியைக் கொடுக்கவில்லை. மலைப்பிரதேசத்துச் சின்னப் பீரங்கிகளைத் தவிர மற்றதெல்லாம் தன் ஆட்களிடமே வைத்துக்கொண்டான். சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு நகைப் பெட்டிச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்கிற மாமியாரைப் போல! இந்தியர்களைக் கொண்ட முதல் பெரிய பீரங்கிப் பிரிவை 1935-இல்தான் பெங்களூரில் ஏற்படுத்தினார்கள். அதில் நம் மதராஸ்காரர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அப்படிப்பட்ட நாளில் பீரங்கி அதிகாரி ஆனவர் இவர்.

பீரங்கி அதிகாரிக்கு என்ன வேலை? எனக்கும் வெகுநாள் தெரியாது. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று "சுடு" என்பார் என்று நினைத்திருந்தேன். அண்ணன்தான் ஒரு நாள் விளக்கினார். கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். நான் கீழே நின்று தொரட்டியைப் பிடித்திருக்கிறேன். இலை மறைத்துக் காய் தெரியவில்லை. அண்ணன் மொட்டை மாடியிலிருந்து, "வலது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும், தூக்கு" என்கிறார். "இதேதான் பாப்பா" என்றார். பீரங்கியைச் சுடுகிறவர்கள் கண்ணுக்கு எதிரி தெரியமாட்டான். நடுவில் மேடோ, தோப்போ மறைத்துக்கொண்டிருக்கும். ஓர் அதிகாரி தைரியமாக முன்னால் போய், எதிரி தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, இத்தனை கஜம் இடது, இத்தனை கஜம் முன்னே என்று கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குத் தப்பினால் நம் ஆட்கள் தலையிலேயே விழும். அப்போதைய இருபத்தைந்து பவுண்டுப் பீரங்கியின் குண்டு நம் வீட்டு எடையில் 11 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் போகும். மாசி வீதியிலிருந்து சுட்டால் திருப்பரங்குன்றத்தைத் தாண்டி விழும்! இன்றைக்கு உள்ள பெரிய பீரங்கி மேலூர் வரைக்கும் போகிறது.

இன்னொரு சங்கதியும் எனக்கு ரொம்பப் பிடித்தது. மற்றப் படைகளுக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப் படைக்குப் பீரங்கியே அப்படி. அதற்குத்தான் மரியாதை. அதைப் போட்டுவிட்டு ஓடுவது பெரிய அவமானம். சரஸ்வதி பூஜையன்று அரிவாள்மணைக்கும் அம்மிக்கும் பொட்டு வைக்கிற நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

இரண்டாம் உலக யுத்தத்தில் குமாரமங்கலம் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு அண்ணன் லிபியா தேசப் படம் வரைந்து வைத்திருக்கிறார். பாலைவனத்துக்கு மஞ்சள் பென்சில். நடுவில் சிவப்புப் புள்ளி வைத்து, பீர் ஹக்கீம் என்று எழுதியிருக்கிறார். 1942 மே 27 விடியற்காலை அங்கே ஜெனரல் ரோமலின் டாங்கிகள் பாய்ந்தன. ஊருக்குள் பிரெஞ்சுக்காரர்கள், அதற்குத் தென்கிழக்கே மணல்வெளியில் ஓர் இந்தியப் படைப்பிரிவு. வந்து சேர்ந்து நன்றாகக் கால் ஊன்றுவதற்குள் இத்தாலிய டாங்கிகள் வரிசை வரிசையாக வந்துவிட்டன. மேஜர் குமாரமங்கலத்தின் பீரங்கிகள், தூரத்துக்குச் சுடவேண்டிய பீரங்கிகள், எதிரில் வருகிற டாங்கியைக் கண்ணால் பார்த்தே சுட்டன. முருங்கைக்காய்க் கணக்குக்கெல்லாம் நேரமில்லை. பல டாங்கிகள் நொறுங்கின. ஆனாலும் வெள்ளத்துக்கு எத்தனை நாழிகை அணை போட முடியும்? படைப்பிரிவு மூழ்கிப் போயிற்று. அன்றைய வீரத்துக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. ஆனால் அவர் எதிரியிடம் கைதியாகிவிட்டார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ராதாபாய் ஞாபகம்தான் வருகிறது. அவர் வீட்டு நிலைமையைப் பாருங்கள். மூத்த பிள்ளை இங்கிலீஷ்காரன் ராஜாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு சண்டை போடுகிறார். இன்னொரு பிள்ளை மோகன், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பி, 1941-இல் அதே ராஜாவின் சர்க்காரால் சென்னைச் சதி வழக்கில் பிடிக்கப்பட்டவர். அந்த வழக்கில் கூடவே சிக்கிய பி. ராமமூர்த்தியை நம் மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1952-இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தவர். பெண் பார்வதியும் அதே கட்சி. பிற்காலத்தில் கோயமுத்தூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். தகப்பனாரோ காங்கிரஸ் மந்திரிசபையில் இருந்தவர். இன்னொரு பிள்ளை கோபால் மட்டும் கம்பெனி நிர்வாகம் என்று அமைதியான வழியில் போனவர். ஒரே சாப்பாட்டு மேஜையில் இத்தனை பேரும் உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்பே சண்டை வந்திருக்காதா? அந்த அம்மாள் என்ன நினைத்தார், எப்படித் தூங்கினார் என்பதெல்லாம் என் கற்பனைதான். ஆனால் பிள்ளைகள் நாலு திசையில் போனபோது அவர் யாருடைய கடிதத்தையும் அரிசியில் புதைத்ததாகத் தெரியவில்லை.

கைதியான மேஜரை இத்தாலிக்குக் கொண்டு போனார்கள். அங்கே முகாமில் இந்திய அதிகாரிகளெல்லாம் ஒன்றாக இருந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், எல்லாரும் ஒரே ரொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் யாஹியா கான். பிற்காலத்துப் பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹியா கானேதான்! 1943-இல் இத்தாலி சரணடைந்த சமயத்தில் குமாரமங்கலம் தப்பி ஓடினார். மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். யுத்தம் முடிந்துதான் விடுதலை.

பிறகு 1947. தேசத்தோடு ராணுவத்தையும் பங்கு போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இந்தியாவுக்கு, மீதி பாகிஸ்தானுக்கு. துப்பாக்கியையும் பீரங்கியையும் எண்ணிப் பிரிக்கலாம். ஒரே முகாமில் பசி கிடந்தவர்களை எப்படிப் பிரிப்பது? ஆனால் பிரித்தார்கள்.

1965-இல் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தபோது குமாரமங்கலம் ராணுவத்தின் துணைத் தலைவர். 1966 ஜூன் 8-இல் தலைவர். அதே வருஷம் செப்டம்பரில் பாகிஸ்தான் ராணுவத்துக்கு யாஹியா கான் தலைவரானார். கைதி முகாமில் ஒரே கூரையின் கீழ் படுத்திருந்த இரண்டு பேர், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு ராணுவங்களுக்குத் தலைவர்கள்! கதையில் எழுதினால், "நம்பும்படியாக இல்லை" என்று பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தச் செய்தியை ஒட்டிய பக்கத்தின் ஓரத்தில் அண்ணன் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இருவரும் நேரில் சந்தித்தால் முதலில் எதைப் பற்றிப் பேசுவார்கள்?"

அவர் தலைவராக இருந்த மூன்று வருஷத்தில் பெரிய யுத்தம் எதுவும் இல்லை. 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் சீனர்களோடு சில நாள் கடுஞ்சண்டை நடந்தது. அங்கே பேசியது பெரும்பாலும் பீரங்கிதான். 1962-இல் பட்ட காயத்துக்கு அது கொஞ்சம் மருந்து. மற்றபடி 1965-க்கும் 1971-க்கும் நடுவில் படையைச் சீர்படுத்தித் தயாராக வைத்திருந்த காலம் அது. 1969 ஜூனில் மானெக்‌ஷாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1971 வெற்றியின் புகழ் முழுவதும் மானெக்‌ஷாவுக்கு. அதில் தப்பில்லை, அவர் ஜெயித்தவர். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன வருத்தம். இரண்டு கல்யாணத்துக்கு நடுவில் வீட்டைக் கடனில்லாமல் ஓட்டினவளை யார் பேசுகிறார்கள்? நம் ஊரில் ஒரு பையனைப் பிடித்துக் குமாரமங்கலம் யார் என்று கேளுங்கள், முழிப்பான்.

1970-இல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். குதிரையென்றால் அவருக்கு உயிர். போலோ ஆடுவார், கிரிக்கெட்டும் உண்டு. மத்திய மந்திரியான தம்பி மோகன் 1973-இல் டில்லிக்கு அருகே விமான விபத்தில் போய்விட்டார். டாங்கிக்கு முன்னால் நின்ற அண்ணனோ 2000-ஆம் வருஷம் மார்ச் மாதம் வரை இருந்தார், வயது 86. எது ஆபத்து, எது சௌகரியம் என்று நாம் வகுத்து வைத்திருப்பதெல்லாம் எந்தக் கணக்கோ!

அந்தக் கடைசிச் செய்தியையும் அண்ணன் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மைதாப் பசை காயாத நோட்டு மடியில் கிடந்தது. எனக்கு என்னவோ தாங்கவில்லை. 37 வருஷம் நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். பானை, கடிதம், நான் பார்த்தது, எல்லாம்.

அண்ணன் கோபிக்கவில்லை. அம்மாவைத் திட்டவுமில்லை. கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பா, அந்தக் கடுதாசியிலே என்ன தேதிக்கு வரச் சொல்லியிருந்தான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் படிக்கவே இல்லையே! அதற்குப் பிறகு இருந்த இருபது வருஷத்துச் சொச்சத்தில் அண்ணன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

இதையெல்லாம் இப்போது உங்களிடம் கொட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். மகன் வயிற்றுப் பேத்தி, 22 வயது. பெண்களை அதிகாரிகளாக எடுத்துப் பயிற்சி கொடுப்பது 1992-இலேயே பரங்கிமலையில் ஆரம்பித்துவிட்டது என்றாலும், பீரங்கிப் படை அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அந்த நகைப் பெட்டிச் சாவி 2023 ஏப்ரலில்தான் கைக்கு வந்தது. ஐந்து பெண்கள் பரங்கிமலையிலிருந்து பீரங்கிப் படை அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அன்றைக்குத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த என் பேத்தி எழுந்து போய் அண்ணனிடம் அந்த நோட்டை இரவல் வாங்கி வந்தாள். தாத்தாவும் பேத்தியும் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. அவள் பரீட்சை எழுதினாள், தேறிவிட்டாள்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு காகிதம். இப்போது கடிதம் தபாலில் வருவதில்லையாம். கம்ப்யூட்டரில் வந்ததை அச்செடுத்திருந்தாள். பெங்களூரில் ஐந்து நாள் பேட்டி.

"அப்பத்தா, இதை நீங்க வச்சிருங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு. சிநேகிதி கல்யாணம்னு சொல்லிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

நான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"தாயி, இந்தக் குடும்பத்திலே நான் ஒரு கடுதாசியை ஒளிச்சது போதும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். பயமில்லையா என்று கேட்டேன். "இருக்கு அப்பத்தா" என்றாள். எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் மகன் கெட்டவன் இல்லை. ஒரே பெண் என்று உயிரை வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவன் காப்பி குடிக்க உட்காருகிற மேஜையில், பேப்பருக்கு மேலே, அவளே கொண்டு போய் வைத்தாள். நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். மகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். ஒரு தடவை படித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தான். காப்பி ஆறிப் போயிற்று.

"அம்மா, உங்களுக்கு இது முன்னாலேயே தெரியுமா?" என்றான்.

"தெரியும்ப்பா."

அவன் மகளைப் பார்க்கவில்லை. காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்ன தேதி போட்டிருக்கு? எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே" என்றான்.

பேத்தி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று விரலை வைத்துக் காட்டினாள்.